617 ஏக்கரில் தரைதட்டிய கப்பல்

முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் காலை பஸ்ஸில் அன்றைக்கு நல்ல சனம். ஆனாலும் ஒரு சீற்றின் பாதி மட்டும் காலியாகவே வந்தது. அதன் யன்னலோரத்தில் ஒரு பெடியன். ஒட்ட வெட்டிய தலை, சிவில் உடுப்பு, மடியில் கறுப்புத் தோள்பை. காலடியில் இரண்டு சொப்பிங் பைக்குள் சுற்றி வைத்தும் மணத்தை அடக்க முடியாத கருவாடு. தலையைப் பார்த்தாலே தெரிந்தது, ஆள் நேவி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, முறைக்கவுமில்லை. நின்றவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள், அவ்வளவுதான். ஒட்டுசுட்டான் தாண்டியதும் என் முழங்கால் அரசியலை மறந்துவிட்டது. போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவனே கேட்டான். “அங்கிள், வவுனியாவில கெப்பித்திகொல்லாவ பஸ் எத்தின மணி?”

அவனுடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஒரே வகுப்பில் பெயிலான பிள்ளைகள். இரண்டையும் முட்டுக்கொடுத்து நெடுங்கேணி வரை பேசிக்கொண்டு போனோம். தகப்பனுக்குச் சிறுநீரகம் பழுது. மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். அந்தத் தேதிக்கு ‘நிவாடு’ கேட்டிருந்தான். இரண்டு முறை தள்ளிப்போய், கடைசியில் லீவு கிடைத்தபோது கிளினிக் முந்தாநாள் முடிந்திருந்தது. எந்த முகாம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கப்பலில் போயிருக்கிறாயா என்று மட்டும் கேட்டேன். பயிற்சிக் காலத்தில் போனானாம். இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு நாளா, இரண்டு தடவையா என்று விளங்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் தரைதான். சென்றிப் பொயின்ற், குசினி, புல்லு வெட்டு, பெரியவர்கள் வருகிற நாளில் கல்லுக்கு வெள்ளையடிப்பு. “நான் நேவி இல்ல அங்கிள். தோட்டக்காரன்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

கெப்பித்திகொல்லாவ என்ற பெயர் என் காதில் சும்மா விழவில்லை. 2006 ஜூன் 15, அந்த ஊர்ப் பக்கம் ஒரு பயணிகள் பஸ் கிளைமோரில் சிக்கி அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்த நாள். அப்போது இவனுக்கு மூன்று வயது இருந்திருக்கும். 2009 மேயில், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த எங்கள் சனத்தில் எத்தனை மூன்று வயதுப் பிள்ளைகள்! இரண்டையும் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பஸ்ஸுக்குள் பேசக்கூடிய விஷயமா அது.

கடற்படை என்று சொன்னால் வன்னியில் யாருக்கும் கப்பல் நினைவுக்கு வராது. வேலிதான் வரும். வட்டுவாகலில் பாலத்தைக் கடந்து முள்ளிவாய்க்கால் பக்கம் ஏறியதும் தொடங்குகிற அந்த நீண்ட வேலி. உள்ளே இருப்பது கோட்டாபய கடற்படை முகாம். 617 ஏக்கர். அதற்குள் குடியிருப்புக் காணியும் உண்டு, வயலும் தென்னையும் உண்டு, உறுதிப்பத்திரத்தோடு வெளியே நிற்கும் குடும்பங்களும் உண்டு. 2017இலிருந்து காணியை அளந்து சுவீகரிக்க நிலஅளவையாளர்கள் பலதடவை வந்தார்கள். வந்தபோதெல்லாம் சனம் றோட்டில் குந்தியிருந்து திருப்பி அனுப்பியது. ஊரின் சப்தகன்னிமார் கோயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் அந்த வேலியைப் பார்த்துக்கொண்டுதான் கும்பிடுகிறார்கள். அதே பெயர்கொண்ட ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 2022 ஜூலையில் கொழும்பு மாளிகையை விட்டு ஓடியபோது அவரை ஏற்றிக் காப்பாற்றியதும் ஒரு கடற்படைக் கப்பல்தான். ஆள் போய்விட்டார். பெயர்ப்பலகை போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடற்படையின் கணக்கில் இந்த முகாமும் ஒரு கப்பல். பிரித்தானியக் கடற்படையிடமிருந்து வந்த வழக்கம் அது. தரையில் இருக்கிற தளத்துக்கும் ‘இலங்கைக் கடற்படைக் கப்பல்’ என்ற அடைமொழியோடுதான் பெயர் வைப்பார்கள். நிலம் அவர்கள் பேச்சில் ‘டெக்’, குசினி ‘கலி’. கேற்றைத் தாண்டி வெளியே வந்தால் ‘கரைக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வரவேண்டும். வவுனியாவுக்குத் தெற்கே ஏ-9 றோட்டில் பூனாவ என்ற இடத்தில் ‘சிக்ஷா’ என்றொரு கப்பல் இருக்கிறது. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிற இடம். சுற்றிலும் காடும் குளமும்தான். கடல் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கேயோ மேற்கேயோ பல மணிநேரம் பஸ் ஏறவேண்டும். கடற்படைக்காரன் ஒருவனின் தொழில் வாழ்க்கை இப்படி உலர்வலயத்தின் நடுவில் தொடங்கி, வட்டுவாகல் மாதிரியான இன்னொரு தரைக்கப்பலில் வேலி காத்து முடிந்துபோகலாம்.

அந்த வேலைக்கு ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் விடை வன்னியிலேயே கிடைக்கும். குருநாகல், அநுராதபுரம், பொலனறுவை, மொனறாகலைப் பக்கத்துக் கிராமங்களில் வயல் ஒரு போகம் பொய்த்தால் அரச சம்பளம்தான் வீட்டுக்கு நிழல். எங்கள் பிள்ளைகள் கனடாவுக்கும் கட்டாருக்கும் போவதற்கு என்ன காரணமோ அதுதான். 22 வருடம் சேவையிலிருந்தால் ஓய்வூதியம். அந்த 22 என்ற இலக்கம்தான் அவர்களை அங்கே கட்டிவைத்திருக்கிறது. கூரையில்லாத வீட்டுக்கு எடுத்த வங்கிக் கடனும், தங்கச்சியின் கலியாணமும் கூடவே சேர்ந்து கட்டும். 2022இல் விலைவாசி ஏறியபோது சம்பளம் கரைந்தது இராணுவத்துக்கும் கடற்படைக்கும் விலக்கில்லாமல்தான். பெற்றோல் வரிசையைக் காக்க வந்து நின்றவனின் மனைவி, தன் ஊரில் இன்னொரு வரிசையில் நின்றிருப்பாள்.

குறையைச் சொல்ல அவனுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. ஆசிரியர்களைப் போல பதாகை பிடிக்க முடியாது. உலகத்துக் கடற்படைகளில் அடக்கிவைத்த குறை முதலில் வெடித்த இடம் பெரும்பாலும் சாப்பாட்டு மேசை. 1905இல் கருங்கடலில் பொத்தெம்கின் கப்பலில் புழு நெளிந்த இறைச்சி. 1946 பெப்ரவரி 18, பம்பாயில் ‘தல்வார்’. சாப்பிட முடியாத சாப்பாட்டையும் வெள்ளை அதிகாரியின் வசைகளையும் பொறுக்க முடியாமல் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாளில் 78 கப்பல்களுக்கும் தளங்களுக்குமாக ஏறத்தாழ 20,000 பேரிடம் அது பரவியது. அந்தத் தல்வாரும் மிதக்கிற கப்பல் இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அதுவும் தரையில் நின்ற பயிற்சி நிலையம், பெயரில் மட்டும் கப்பல்.

எங்கள் நாட்டில் கடற்படைச் சிப்பாயின் ஆற்றாமை வேறு விதமாகத்தான் ஒருமுறை உலகத்தின் கண்ணில் பட்டது. 1987 ஜூலை 30, கொழும்பில் அணிவகுப்பு மரியாதை. விஜித ரோகண என்ற கடற்படைச் சிப்பாய் கையிலிருந்த துவக்கைத் திருப்பி ராஜீவ் காந்தியின் தோளில் அடித்தார். அந்தப் படத்தைப் பார்க்காத தமிழர் எங்கள் தலைமுறையில் இல்லை. ஆறு வருடத் தண்டனை விதித்து, பாதி முடியுமுன் விட்டுவிட்டார்கள். முதல்நாள் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டது தன் நாட்டு ஜனாதிபதி. அடி விழுந்ததோ விருந்தாளிக்கு. கீழே நிற்கிறவனின் கோபத்துக்கு மேலே போக வழியில்லாவிட்டால் அது பக்கவாட்டில் பாயும். அந்தப் பக்கவாட்டில் பெரும்பாலும் நின்றவர்கள் நாங்கள்தான். 

மற்றவர்கள் அடிப்பதில்லை, ஓடிவிடுகிறார்கள். லீவில் போய்த் திரும்பி வராதவர்களுக்காக அரசு அடிக்கடி பொதுமன்னிப்பு அறிவிப்பது இந்த நாட்டில் வழக்கமாகிவிட்டது. 2024 ஏப்ரல்–மேயில் அறிவித்த ஒரே மாத மன்னிப்பில் முப்படையிலிருந்தும் 15,000க்கு மேற்பட்டோர் சட்டப்படி விலகிக்கொண்டார்கள். பெரும்பாலும் இராணுவத்தினர். அதே 2024இல்தான் ஓய்வுபெற்ற படையினர் பலர் நல்ல சம்பளமென்ற பேச்சை நம்பி ரஷ்ய – உக்ரேன் போர்முனைக்குப் போய்ச் செத்த கதையும் வெளியே வந்தது. நாற்பது வயதில் ஓய்வு பெற்றவனுக்குத் துவக்குப் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் கற்றுக்கொடுக்காத அரசு, அவன் அந்நிய நாட்டுக் குழிக்குள் விழுந்த பிறகு விசாரணையைத் தொடங்கியது.

நேவிக்காரனுக்காகவா ஒப்பாரி, முல்லைத்தீவில் அதற்கு வேறு ஆளா இல்லை என்று இதை வாசிக்கிற சிலர் பேப்பரை மடித்து வைப்பார்கள். அவர்களில் ஒருவர் என் மச்சானாகக்கூட இருக்கலாம். அவர்கள் கேட்பதில் பிழையில்லை. 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கடத்தப்பட்டுத் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அடைத்துவைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 11 இளைஞர்களின் வழக்கு இன்னும் நீதியைக் காணவில்லை. மீளக் குடியேறிய தொடக்க வருடங்களில் தன் சொந்தக் கடலுக்குள் இறங்க மீனவன் பாஸ் காட்டி நின்றான். இதே கரையில் கடற்புலிகள் என்ற இன்னொரு கடற்படையும் இருந்தது. அதில் சேர்ந்து அலம்பிலிலும் சாலையிலும் கடலுக்குள் போய்த் திரும்பாத பிள்ளைகளின் தாய்மார் இன்றும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய துயரத்துக்கு அரச ஓய்வூதியமும் இல்லை, நினைவுக்கல்லும் இல்லை. 1996 ஜூலையில் முல்லைத்தீவுக்கு முன்னால் மூழ்கிய ‘ரணவிரு’ கப்பலின் மாலுமிகளுக்கு வருடாவருடம் பூ வைக்க அரசு இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு சொல்கூடக் குறைக்காமல் வைத்துக்கொண்டே நான் சொல்ல வருவது வேறு. வேலிக்கு வெளியே நிற்கிற எங்கள் சனத்தின் எரிச்சலும், உள்ளே புல்லு வெட்டுகிறவனின் எரிச்சலும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை. கடற்படையைக் கடலிலிருந்து எடுத்துக் கரையில் குந்தவைத்த முடிவு அது. அதனால் எங்களுக்குக் காணி இல்லை, அவனுக்குத் தொழில் இல்லை. கடலில் காவலும் இல்லை.

கடலில் காவல் இல்லை என்பதை முல்லைத்தீவு மீனவர் சங்கங்களைக் கேட்டுப்பாருங்கள். வாடைக்காற்று ஓய்ந்து கடல் இறங்குகிற காலத்தில் இரவில் வெளியே பார்த்தால் ஒரு நகரமே மிதக்கிறது போல வெளிச்சம். வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கிறார்கள், டைனமைற் போடுகிறார்கள், சுருக்குவலை இழுக்கிறார்கள். நாயாற்றிலும் கொக்கிளாயிலும் பருவத்துக்கு வருகிற தென்னிலங்கை வாடிகளுக்கும் ஊராருக்கும் இடையிலான சண்டை 2018 ஓகஸ்ட் 13 இரவு எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்ததுதான். நாயாற்றில் தமிழ் மீனவரின் படகுகளும் வலைகளும் எரிந்தன. தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வந்து அடியை வாரிக்கொண்டு போனால், காலையில் மிஞ்சுவது அறுந்த வலை. முறைப்பாடு கொடுக்கப் போனால் ஆளில்லை, படகில்லை, எண்ணெய் இல்லை. ஆனால் கரையோர சென்றிக்கு மட்டும் ஆள் எப்போதும் இருக்கிறது.

கடலுக்குள் அனுப்பப்படுகிறவனின் நிலைமையும் சொல்லும்படி இல்லை. 2024 ஜூன் 25, காங்கேசன்துறைக்கு வடக்கே இந்திய இழுவைப்படகொன்றைப் பிடிக்கப் போனபோது கடற்படையினர் ஒருவர் உயிரிழந்தார். குருநாகல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். ஐந்து வாரம் கழித்து, ஓகஸ்ட் 1ஆம் திகதி, நெடுந்தீவுக் கடலில் கடற்படைப் படகு மோதி ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் செத்தார். இருவருக்கும் சொந்தத்தில் ஒரு றோலர் கிடையாது. றோலர் வைத்திருக்கிறவர் கரையில் இருக்கிறார், கட்டளை கொடுக்கிறவரும் கரையில்தான். பாக்கு நீரிணையில் செத்துப்போகிறவர்கள் எப்போதும் கூலிக்கு வந்தவர்கள்.

2025 நவம்பரை இந்த மாவட்டம் மறக்காது. டித்வா புயல் கரையேறி, குளங்கள் வான்பாய்ந்து, நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்டோரை வெள்ளமும் மண்சரிவும் கொண்டுபோன கிழமை. அந்த மாதம் 30ஆம் திகதி சுண்டிக்குளத்துக்குக் கிட்ட சாலைக் களப்பின் முகத்துவாரத்தை வெட்டி அகலப்படுத்த இறங்கிய கடற்படையினரில் ஐந்து பேரை நீர் அடித்துக்கொண்டு போனது.

சாலை என்ற பெயரைக் கேட்டதும் நாங்கள் நினைப்பது வேறு. கடற்புலிகளின் பெருந்தளம் இருந்த இடம். 2009 பெப்ரவரியில் இராணுவம் பிடித்த இடம். அங்கே பதினாறு வருடம் கழித்து ஐந்து சிங்களப் பிள்ளைகள், எங்கள் வயலுக்குள் நின்ற வெள்ளம் கடலுக்குள் வடியவேண்டும் என்பதற்காகத் தண்ணீரோடு போனார்கள். அடுத்த நாள் கடைத்தெருவில் வழக்கமாக எதற்கும் ஒரு குத்தலான பதில் வைத்திருக்கும் ஒரு கிழவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தொடுவாய் வெட்டுறது லேசுப்பட்ட வேலையே தம்பி.”

தொடுவாய் என்பது எங்கள் சொல். களப்பும் கடலும் தொட்டுக்கொள்ளும் வாய். கொக்குத்தொடுவாய் என்ற ஊர் அந்தச் சொல்லைப் பெயராகவே வைத்திருக்கிறது. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் உள்ளே தண்ணீர் ஏறி, வயலும் வளவும் மூழ்கத் தொடங்கும்போது ஊராட்கள் மண்வெட்டியோடு போவார்கள். முழு வாயையும் வெட்டத் தேவையில்லை. ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் கீறிவிட்டால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். அதுதான் அதிலுள்ள ஆபத்தும். முழங்கால் அளவில் ஓடத் தொடங்கியது சற்று நேரத்தில் ஆறாகிவிடும். நிற்கிற மணல் காலுக்குக் கீழே கரைவது தெரியவே தெரியாது. கடல் பெருக்கா வற்றா, காற்று எங்கிருந்து, எந்தப் பக்கம் ஏறிக்கொள்வது என்பதெல்லாம் தகப்பன் மகனுக்குக் காட்டிக்கொடுக்கிற அறிவு. அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இப்படி ஒரு வேலைக்குக் கடற்படையும் உள்ளூர்ச் சங்கத்து ஆட்களும் சேர்ந்து நிற்கிற வழக்கம் வரவேண்டும் என்று இந்த மாவட்டத்தில் ஒருவர்கூட இன்னும் எழுதிக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்பதற்கு இடையில் வேலி நிற்கிறது.

வேலி இல்லாத ஒரு நாளும் இருந்தது. 2024 டிசம்பர் 19, முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு பழைய படகு ஒதுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகள், அதில் கைக்குழந்தைகளும் இருந்தன. முதலில் கண்டவர்கள் எங்கள் மீனவர்கள். சோறும் தண்ணியும் கொண்டு ஓடியது முள்ளிவாய்க்கால் சனம். 2009இல் அந்த மணலில் பசியோடு கிடந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு படகைத் திருகோணமலைக்குக் கொண்டுசேர்த்தது கடற்படை. அதற்குப் பின் அவர்களைக் கேப்பாப்பிலவு முகாமில் வைத்த அரசின் முடிவு வேறு கதை. ஆனால் அந்த ஒருநாள் கடற்படை, கடற்படை செய்யவேண்டிய வேலையைச் செய்தது. சனம் கரையில் நின்று பார்த்தது, கல்லெறியவில்லை.

அரசு படையைக் குறைக்கப்போகிறது என்று 2023 ஜனவரியிலிருந்து சொல்கிறது. இரண்டு இலட்சத்தைத் தாண்டிய இராணுவம் 2030இல் ஒரு இலட்சமாகுமாம், கடற்படை 40,000 ஆகுமாம். இதில் எனக்கு ஒரு கணக்கு உறுத்துகிறது. போர் உச்சத்திலிருந்த 2007, 2008இல் அள்ளிச் சேர்த்தவர்களுக்கு 22 வருடம் முடிவது 2029, 2030இல். அதாவது அரசு ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தாலும் பெருந்தொகை ஆட்கள் தாங்களாகவே ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகப்போகிறார்கள். அதைச் சீர்திருத்தம் என்று அறிவிப்பதற்குப் பெரிய துணிச்சல் தேவையில்லை. ஆள் குறைந்தால் ஏக்கர் குறையவேண்டும் அல்லவா? 40,000 பேருக்கு வட்டுவாகலில் 617 ஏக்கர் எதற்கு? துறைமுகமில்லாத, பெரிய கப்பல் ஒன்று கிட்டவும் வரமுடியாத ஆழமில்லாத கரையில் கடற்படைக்குத் தேவையானது ஒரு படகுத்துறையும், ரேடாரும், நாலு வேகப்படகும், அவற்றை ஓட்ட எண்ணெயும். மிச்சம் எல்லாம் யாருடையதோ வளவு.

படையைக் குறைப்பது பற்றிக் கொழும்பில் நடக்கிற கருத்தரங்குகளில் செலவைப் பேசுகிறார்கள், தேசியப் பாதுகாப்பைப் பேசுகிறார்கள். காணியைப் பேசுவதில்லை. எங்கள் அரசியல்வாதிகள் காணியைப் பேசுகிறார்கள், சிப்பாயைப் பேசுவதில்லை. இந்தக் கடற்படைக்கு 1960 தொடக்கம் பத்து வருடம் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர் என்பது இன்று எங்கள் பிள்ளைகளுக்கு நம்பமுடியாத கதை. அந்தக் காலம் திரும்பி வரும் என்று நான் கனவு காணவில்லை. காணி கேட்டு வீதியில் குந்துகிற தாய் தன் பதாகையில் ஒரு வரியைச் சிங்களத்திலும் எழுதினால், சென்றிக்குள் நிற்கிறவன் அதை வாசிப்பான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வாசித்துவிட்டு என்ன நினைப்பான் என்பதை அந்த பஸ்ஸில் ஓரளவு கேட்டேன்.

2025 செப்டம்பரில் புது வட்டுவாகல் பாலத்துக்கு ஜனாதிபதி அநுர குமார வந்து வேலையைத் தொடக்கிவைத்தார். பாலம் கட்டி முடிந்தால் பயணம் சுகம். ஏறி இறங்கியதும் வேலி அப்படியே நிற்கும்.

புளியங்குளம் தாண்டியதும் கருவாட்டைப் பற்றிக் கேட்டேன். முல்லைத்தீவுக் கரையில் ஒரு அக்காவிடம் வாங்கினானாம். ‘அக்கா’ என்ற சொல்லை நன்றாகச் சொன்னான். நிறுத்துப் போட்டதற்கு மேலே ஒரு பிடி அள்ளிப்போட்டாவாம். சிறுநீரக வருத்தக்காரருக்கு உப்பு ஆகாது, கருவாடு கிட்டவும் காட்டக்கூடாது என்றேன். வடமத்தியிலும் வவுனியாவிலும் அந்த வருத்தம் வந்த கிராமங்களுக்கு நீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களை நூற்றுக்கணக்கில் செய்துகொடுத்ததே கடற்படைதான். அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா.

“தெரியும் அங்கிள். இது அம்மாவுக்கு” என்றான். பையின் வாயை இன்னும் இறுக்கிக் கட்டினான். “அப்பா மணக்கிறது மட்டும்.”

வவுனியாவில் இறங்கியதும் கெப்பித்திகொல்லாவ பஸ் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மிதிபலகையில் தொத்திக்கொண்டான். லீவு மூன்று நாள், அதில் அரைநாள் அங்கேயே முடிந்திருந்தது.